ஒட்டுசுட்டான் வீதியில் எங்கள் பழைய கல்வீட்டு விடுதி: "பேய் பங்களா" என்று பலகை போடலாமா?

வளவுக்காரன்:
வணக்கம். வீட்டுக்குள் ஒரு விடயத்தில் முடிவெடுக்க முடியாமல் இழுபடுகிறோம், ஊர் தெரிந்த ஆட்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியோரம் அம்மாவின் வழியில் வந்த பழைய கல்வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வீதி ஓவசியர் இருப்பதற்குக் கட்டின பங்களா, பிறகு அம்மாவின் பேரனார் வாங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். நீட்டு விறாந்தை, மொத்தமான சுண்ணாம்புச் சுவர், முதிரைத் தீராந்தி, பீலி ஓடு. 2008இல் விட்டுவிட்டு ஓடினோம். முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் சுவர் நின்றது, கூரையில் பாதியும் கதவு யன்னலும் போய்விட்டன. கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி இப்போது அறைகளை வெளியூர்ச் சனத்துக்குத் தங்கக் கொடுக்கிறோம். விடிய அம்மாவின் கையால் இடியப்பம், சொதி, சம்பல்.

அண்மையில் ஒரு யூரியூப் குழு வந்து தங்கிப் போனது. அவர்கள் போட்ட வீடியோவில் எங்கள் வீடு "வன்னிக் காட்டுப் பேய் பங்களா". நடுச்சாமத்தில் கூரைக்குக் கீழே யாரோ நடக்கிற சத்தம், கிணற்றடியில் வெள்ளைச் சேலை, மூலை அறையில் படுத்தவரின் நெஞ்சில் ஏதோ ஏறி இருந்தது என்று ஒரே பயங்காட்டல். சத்தம் உண்மைதான், நாங்களும் கேட்கிறோம். வெள்ளைச் சேலையை எங்கள் வீட்டில் ஒருத்தரும் கண்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை, "அந்த மூலை அறை இருக்கிறதா" என்பதுதான் முதல் கேள்வி. வாசலில் பலகையே போடுவோம், அந்த அறைக்குக் கூடக் காசு எடுப்போம் என்கிறான் தம்பி. அப்படிப் பலகை வைத்தால் இனிக் குசினிப் பக்கமே வரமாட்டேன் என்கிறார் அம்மா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரொறன்ரோவாசி:
உங்கள் தம்பி சொல்வதில் என்ன பிழை? அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஃபோல் ரிவர் என்ற ஊரில் லிசி போடன் வீடு என்று ஒன்று இருக்கிறது. 1892 ஓகஸ்ட் 4ஆம் திகதி அந்த வீட்டுக்காரரையும் அவருடைய இரண்டாம் மனைவியையும் யாரோ கோடரியால் கொத்திக் கொன்றார்கள். மகள் லிசி மீது வழக்கு நடந்து அடுத்த வருடம் விடுதலையானார், வேறு எவரும் தண்டிக்கப்படவும் இல்லை. 1996இலிருந்து அந்த வீடு காலைச் சாப்பாட்டோடு தங்குகிற விடுதி. கொலை நடந்த அறையில் படுக்கத்தான் ஆட்கள் முண்டியடிக்கிறார்கள். 2021இல் ஏறத்தாழ 19 லட்சம் டொலருக்குக் கை மாறியது.

வன்னியில் ஆசையோடு விடுதி கட்டி ஆளில்லாமல் பூட்டின ஆட்களை எனக்கும் தெரியும். ஏ9 வீதியால் வருகிற வாகனமெல்லாம் நேரே யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிறது. மாங்குளச் சந்தியில் திரும்புவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். பேய் அந்தக் காரணத்தைத் தருகிறதென்றால் ஏன் விட வேண்டும்? யாரையும் ஏமாற்றவில்லையே, வருகிறவர்கள் பயப்படுவதற்குத்தான் காசு தருகிறார்கள்.

முள்ளியவளை அக்கா:
ரொறன்ரோவாசி அண்ணை, நீங்கள் சொல்கிற வீட்டில் நடந்தது நூற்று முப்பது வருடத்துக்கு முந்தின கதை. செத்த இரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது, கல்லறை இருக்கிறது, வழக்குக்கூட நடந்து முடிந்துவிட்டது. இங்கே கிணற்றடியில் வெள்ளைச் சேலை என்று வீடியோ போட்டால் எங்கள் சனத்துக்கு யாருடைய ஞாபகம் வரும் என்று யோசித்தீர்களா?

2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் கொட்டில் போட்டுக் குந்தினார்கள் தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை எங்கே என்று கேட்டு. பதில் கிடைக்காமலே கண்ணை மூடினவர்கள் அவர்களில் பலர். 2023 ஆனியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கக் கிடங்கு வெட்டினபோது எலும்பும் துணியும் வந்தது, பிறகு நீதிமன்ற உத்தரவில் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. அதுவும் இதே முல்லைத்தீவு மாவட்டம்தான். அந்த வீட்டு வாசலிலிருந்து அதிக தூரம் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் திரும்பி வரவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று நாங்கள் இதுவரை வாயால் சொன்னதில்லை. யாரோ ஒரு பெடியன் கமராவோடு வந்து நின்று, இந்தக் காட்டில் போரில் செத்தவர்களின் ஆவி அலைகிறது என்று சொல்லும்போது, எங்களைக் கேட்காமல் எங்கள் ஆளையும் அவன் செத்தவர் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறான். அதைப் பலகையில் எழுதி அறை வாடகையும் எடுப்பதா? அம்மா சொன்னதுதான் சரி, தம்பி. அவரோடு நில்லுங்கள்.

பாலைமரம்:
பலகையைப் பற்றி மற்றவர்கள் கதைக்கட்டும், நான் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழைய கூரை பிரித்து மேய்கிற வேலையில் கன காலம் கிடந்தவன்.

மூலை அறைக்கு மேலே பலகைத் தட்டு அடித்திருக்கிறதா? அடித்திருந்தால் மேலே நடப்பது மரநாய். பூனையை விடப் பெரிசு, பகலில் ஓட்டுக்கும் தட்டுக்கும் இடையில் சுருண்டு படுத்திருக்கும், இருட்டினதும் இறங்கும், விடியமுன் திரும்பி வரும். வெறும் பலகைக்கு மேலே அது நடந்தால் கீழே படுத்திருப்பவருக்கு ஒரு மனிசன் மெல்ல அடி எடுத்து வைப்பதாகத்தான் கேட்கும். ரோச் லைற்றோடு ஏறிப் பாருங்கள். ஒரே மூலையில் கழிவு குவிந்திருக்கும், அதற்குள் பழ விதை உடையாமல் முழுசாகக் கிடக்கும். பாலைப்பழக் காலமென்றால் பாலை விதை, மற்ற நேரம் நாவல், ஈச்சை, வளவுப் பப்பாசி.

முன்னிரவில் டக் டக் என்று வெடிக்கிற சத்தமும் இருக்குமே? பகல் முழுக்க வெயிலில் கிடந்த ஓடும் மரமும் குளிர்ந்து சுருங்குகிற சத்தம் அது. நூறு வருட முதிரைத் தீராந்தி அசையாது, அது காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது. புதிதாகப் போட்ட கைமரமும் சலாகையும்தான் ஆணியை இழுக்கும். கூரையில் பாதி புதிது என்றீர்கள், சத்தம் எந்தப் பாதியிலிருந்து வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள்.

காட்டுப் பக்கமிருந்து பெண்பிள்ளை அலறுவதுபோல ஏதாவது கேட்டால் அது ஆந்தை. சிங்களச் சனம் உலமா என்கிற பேய்க்குருவி என்று பயப்படுகிற குரல் அது, பெரிய காட்டு ஆந்தை இனம் ஒன்றின் குரல் என்றுதான் பறவை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

வளவுக்காரன்:
பாலைமரம் அண்ணை, தம்பியை ஏற்றிப் பார்த்தாயிற்று. மூலை அறைக்கு மட்டும்தான் தட்டு இருக்கிறது. மேற்கு மூலையில் விதைக் குவியல், பக்கத்தில் சாக்குத் துண்டைக் கிழித்துப் படுக்கை மாதிரி, தூசியில் ஐந்து விரல் தடம். வெடிக்கிற சத்தமும் புதிய பாதியிலிருந்துதான்.

நெஞ்சில் ஏறி இருந்த கதைதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீடியோக்காரர் மட்டுமில்லை, அதற்கு முதல் தங்கின ஒரு குடும்பமும் மூச்சு முட்டினது, விடிய எழும்ப ஒரே தலையிடி என்று சொன்னார்கள். அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு சாய்ப்பு, அங்கேதான் ஜெனரேற்றர், இரவில் கரண்ட் போனால் போடுவோம்.

இரவுப்பணி:
ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். இதை வாசித்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுதுகிறேன், தயவுசெய்து இன்றைக்கே அந்த ஜெனரேற்றரை அங்கிருந்து எடுங்கள்.

ஜெனரேற்றர் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி, நெஞ்சிறுக்கம், ஓங்காளம், மனக்குழப்பம் எல்லாம் வரும், கூடினால் நித்திரையிலேயே ஆள் முடிந்துவிடும். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஒரு மருத்துவர் எழுதிய குடும்பத்தின் கதை இதேதான். பழைய வீடொன்றுக்குக் குடிபோனார்கள், இரவில் காலடிச் சத்தம், கட்டிலடியில் ஆள் உருவம், பிள்ளைகள் வெளிறிப் போனார்கள். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு பழுதாகிப் புகை வீட்டுக்குள் வந்திருக்கிறது. திருத்தினதும் எல்லாம் நின்றது. உங்கள் மூலை அறையில் யன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள், பின்னால் ஜெனரேற்றர் ஓடுகிறது. வீட்டை விட்டுத் தள்ளி வெளிமுற்றத்தில் வையுங்கள், புகைக்குழாய் வீட்டைப் பார்க்கக் கூடாது. சாய்ப்புக்குள் வைப்பது வீட்டுக்குள் வைப்பதற்குச் சமன். எச்சரிக்கைக் கருவியும் கடையில் விற்கிறது, ஒன்றை வாங்கி அறையில் மாட்டுங்கள்.

ஜெனரேற்றர் போடாத இரவில் யாருக்காவது நெஞ்சு அமுக்கியிருந்தால் அது வேறு. கனவு காண்கிற நித்திரையில் உடம்பு அசையாமல் இருக்கும்படி மூளை தசைகளைக் கட்டி வைத்திருக்கும். அந்தக் கட்டு அவிழமுன் அறிவு விழித்துவிட்டால், கண் தெரியும், கை கால் அசையாது, பக்கத்தில் யாரோ நிற்பதாகத் தோன்றும். பேய் அமுக்கினது என்று எங்கள் சனம் சொல்வது பெரும்பாலும் இதுதான். பயணக் களைப்பு, புது இடம், படுக்கமுன் பேய் வீடியோ, இவ்வளவும் சேர்ந்தால் வராமலிருந்தால்தான் புதினம்.

கச்சேரியடி:
நான் வயது போன ஆள், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1905இல் யாழ்ப்பாண றெயில் பாதை முழுசாக முடிகிற வரைக்கும் வன்னிக்குள்ளால் போவதென்றால் மாட்டுவண்டில் அல்லது கால்நடை. யானை, கரடி, அதையெல்லாம் விடப் பெரிய பயம் காய்ச்சல். பொழுது பட முன் ஒரு கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்குத்தான் வீதி நெடுக வாடிவீடுகள் இருந்தன, ஓவசியர் பங்களாக்களிலும் தெரிந்தவர்கள் தங்குவார்கள். ஆனையிறவு வாடிவீடு ஒல்லாந்தரின் பழைய கோட்டை இருந்த இடத்தில் களப்பைப் பார்த்தபடி இருந்தது. சண்டைக் காலத்தில் அதுவும் போனது. ஆகவே தம்பியின் வீடு பிழைத்து நிற்பதே பெரிய காரியம், இப்படிப்பட்டவை எங்களிடம் அதிகம் மிச்சமில்லை.

காய்ச்சல் என்றேன், அதுதான் மலேரியா. 1940களின் நடுவில் நுளம்பைக் கொல்லுகிற டி.டி.ரி. மருந்து அடிக்கத் தொடங்கின பிறகுதான் வன்னியில் சனம் துணிந்து குடியிருந்தது. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல். அதற்கு முந்தின தலைமுறைகளில் குளிர் காய்ச்சலில் நடுங்கிப் பிதற்றின ஆளைப் பார்த்து முனி அடித்துவிட்டது என்று திருநீறு போட்டு நூல் கட்டிக் கழிப்புக் கழித்தார்கள். பழைய பங்களா ஒவ்வொன்றிலும் ஒரு பேய்க்கதை இருப்பதற்கு அந்தக் காய்ச்சல் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

முள்ளியவளை அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதைகளை எல்லாம் வீட்டை விட்டுத் துரத்திவிட வேண்டாம் என்று கேட்கிறேன். காட்டுக்குள் இறங்கமுன் ஐயனாருக்கு ஒரு குழை முறித்துக் கட்டிவிட்டுத்தான் போவோம். முனி நிற்கிற மரத்தடியில் உரத்துக் கதைக்க மாட்டோம், அந்த மரத்தில் கத்தி வைக்க மாட்டோம், அதனாலேயே அந்த மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரியும் என்று கைகூப்புகிற சனம் நாங்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று அள்ளி வெளியே கொட்டினால் அந்த வீட்டில் மிஞ்சுவது கட்டிலும் நுளம்பு வலையும்தான்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலிருந்து ஒட்டுசுட்டானைக் கடந்தால் கற்சிலைமடு. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை அதே வருடம் ஒக்ரோபர் 31ஆம் திகதி கப்டன் டிரிபேர்க் தோற்கடித்த இடம் என்று வெள்ளையர் கல் நட்ட ஊர் அது. தோற்றவனின் பெயரைத்தான் ஊர் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. மாங்குளத்தில் திரும்புவதற்குக் காரணம் வேண்டும் என்றாரே ரொறன்ரோவாசி, இது போதாதா?

மன்னார்க்காற்று:
ஐயா, எங்கள் பக்கத்தில் அரிப்பில் கடலோரம் ஒரு செங்கல் இடிபாடு இருக்கிறது. முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பு நேரத்தில் வந்து தங்குவதற்குக் கட்டின மாளிகை, வயது இருநூறு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. ஊரில் கேட்டால் பழங்கதையில் வருகிற அல்லிராணியின் கோட்டை என்பார்கள். நான் சின்னனில் அதைத்தான் நம்பினேன், இப்போது இரண்டையும் சொல்லித்தான் ஆட்களைக் கூட்டிப் போகிறேன். கண்டிக்காரரிடம் கிட்டத்தட்ட இருபது வருடம் அகப்பட்டுக் கிடந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டையும் அதே அரிப்பில்தான். கதை இருப்பதால் இடத்துக்குக் கேடில்லை, அரிப்பில் கேடு செய்வது கடல், தூண்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன.

ஆனால் வளவுக்காரன், ஒருவரும் சொல்லாத ஒரு ஆபத்து இருக்கிறது. வன்னி முழுக்கப் பழைய கட்டடம், பாழடைந்த கோயில், குளக்கட்டு என்று புதையல் தோண்டிப் பிடிபடுகிற செய்தி ஓயாமல் வருகிறது. தோண்டுகிறவர்களின் கணக்கு என்னவென்றால், ஒரு இடத்தில் பேயோ பூதமோ காவல் நிற்கிறதென்றால் கீழே பொருள் இருக்கிறது. உங்கள் வீடியோக்காரர் கிணற்றடியை விரலால் சுட்டிக்காட்டியே சொல்லிவிட்டார்கள். பேய் பங்களா என்று பலகையும் ஏறினால் இரவில் அலவாங்கோடு வருகிறவர்களுக்கு நீங்களே வழி காட்டினதாக முடியும்.

வளவுக்காரன்:
மன்னார்க்காற்று, நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு உடனே கிணற்றடிக்குப் போனேன். கட்டுக்குப் பின்பக்கம் மண் கிளறியிருக்கிறது. பன்றி கிளறினால் அகலத்துக்குக் கிண்டும், இது ஒரு பக்கம் நேராக வெட்டினது மாதிரி. கிராம அலுவலரிடம் சொல்லியிருக்கிறேன், கிணற்றடிக்கு லைற்றும் போடப் போகிறோம்.

ரொறன்ரோவாசி:
இப்படி ஒரு கோணம் இருக்கிறதென்றால் பலகை வேண்டாம் என்றே நானும் சொல்வேன். இன்னொரு விடயத்தையும் உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள். 1991இல் நியூயோர்க்கில் ஒரு வீட்டு வழக்கு நடந்தது. வீட்டுக்காரி தன் வீட்டில் ஆவிகள் இருக்கின்றன என்று சஞ்சிகைக்கும் ஊர்ப் பத்திரிகைக்கும் சொல்லிப் பெயர் எடுத்தவர். விற்கிற நேரத்தில் வாங்குகிறவருக்கு அதைச் சொல்லவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊருக்கெல்லாம் அப்படிச் சொன்னபடியால் சட்டத்தின் கண்ணில் அது பேய் வீடுதான் என்று வைத்து, வாங்கினவர் ஒப்பந்தத்திலிருந்து விலக இடம் கொடுத்தது. இங்கே சட்டம் வேறு, ஆனால் நாளைக்கு நீங்கள் கடனுக்கோ விற்பனைக்கோ போனால் எதிரில் இருப்பவர் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வீடியோவைத்தான்.

ஆனால் ஆள் வர வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. கற்சிலைமடுக் கல்லை மட்டும் சொல்லிக் கட்டில் நிரம்பாது. அம்மாவின் சாப்பாட்டை முன்னுக்கு வையுங்கள், படம் வடிவாக எடுத்துப் போடுங்கள்.

முள்ளியவளை அக்கா:
கச்சேரியடி ஐயா, முனியும் ஐயனாரும் எனக்கும் வேண்டும். வயலுக்குள் கொள்ளிவாய்ப் பேய் ஓடுகிற கதையைக் கேட்டு அம்மம்மாவின் சேலைக்குள் ஒளித்து வளர்ந்தவள் நான். அந்தக் கதைகள் வேறு. முனியின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தத் தாயும் வீதியில் நிற்கவில்லை. அந்த எல்லையை வளவுக்காரன் வீட்டார் தாண்டாமல் இருந்தால் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே வந்து தங்குவேன்.

வளவுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பலகை இல்லை. வெள்ளைச் சேலைப் பகுதியையும் கிணற்றடியையும் வெட்டிவிடச் சொல்லி அந்தக் குழுவுக்கு எழுதினோம், கிணற்றடியை வெட்டியிருக்கிறார்கள், மற்றதற்குப் பதில் இல்லை, திரும்பவும் கேட்போம். ஜெனரேற்றர் மாமரத்துக்கு அப்பால் போய்விட்டது, சாய்ப்பில் இப்போது விறகு. மூலை அறை கேட்டு எடுக்கிறவர்களுக்கு, அங்கே நடப்பது மரநாய் என்று முதலிலேயே சொல்கிறோம். சிலர் அதற்குப் பிறகும் வருகிறார்கள், சிலர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது கேட்டால் அம்மா விறாந்தையில் இருந்து முனிக் கதையும், அவருடைய பேரனார் காய்ச்சலோடு வண்டிலில் வந்து சேர்ந்த கதையும் சொல்வார். அதற்கு அவர் தானாகவே ஒத்துக்கொண்டார். சுவரில் குண்டு பட்ட ஓட்டைகள் சிலதைச் சீமெந்து பூசாமல் அப்படியே விட்டிருக்கிறோம், கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நாங்கள் தொடங்க மாட்டோம். விடியக் கற்சிலைமடு, தான்தோன்றீஸ்வரர் கோயில், முத்தையன்கட்டுக் குளம் என்று ஒரு சுற்று, ஊர்ப் பெடியன் ஒருவனின் ஓட்டோவில். தம்பிக்கு இன்னும் முழு மனமில்லை, வருமானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதைப்பேன் என்கிறான். பாலைமரம் அண்ணை, அந்த மரநாயை என்ன செய்வது?

பாலைமரம்:
மருந்து கிருந்து வைத்துவிடாதீர்கள், தட்டுக்குள்ளேயே செத்தால் பிறகு ஒரு மாதத்துக்கு அந்த அறையில் ஆளை விட முடியாது. முதலில் கூரையைத் தொடுகிற கொப்பெல்லாவற்றையும் வெட்டுங்கள். பிறகு ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் அது போய் வருகிற ஓட்டை எதுவென்று பிடியுங்கள், விளிம்பில் எண்ணெய்க் கறுப்பு ஏறியிருக்கும், மயிரும் ஒட்டியிருக்கும். குட்டி கத்துகிற சத்தம் கேட்டால் அவை வெளிக்கிடும் வரைக்கும் பொறுங்கள். இல்லையென்றால் இருட்டி அது இறங்கினபின் இரும்பு வலையை வைத்து இறுக்கி அடியுங்கள், பிளாஸ்ரிக் வலை ஒரு இரவுக்குக் காணாது. உடைந்த ஓடுகளையும் இப்போதே மாற்றுங்கள், ஐப்பசி மழை தொடங்கினால் பீலி ஓட்டில் கால் வைக்க முடியாது. பழைய வீடு பிரித்த ஓடு வைத்திருக்கிற ஆட்கள் நெடுங்கேணிப் பக்கம் இருக்கிறார்கள், எத்தனை வேண்டும் என்று எண்ணித் தனிச் செய்தியில் போடுங்கள்.